முற்றான இறுதிப் பதிப்பு

ஒரு மனிதனுக்கு ஒரே ஒன்பது பாட்டு எத்தனை முறை தேவைப்படும் என்பது பற்றிச் சட்டம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு இதுவரை பதினொரு முறை தேவைப்பட்டிருந்தது.

இரண்டு தெருக்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் அவர் கடை. வருகிறவர்களின் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்டச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று பகலெல்லாம் கேட்பது தொழில். சில சமயம் சோதனைக்காக ஒரே சில்லையே எடுத்துத் திரும்பப் போடுவார். பத்தில் ஏழு பேர், "ரெண்டாவதுதான் தெளிவு" என்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் இதைக் கவனித்து வந்தார். ஆனால் கடையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வீட்டில் நடு அறை முழுக்க அந்த நால்வர் குடியிருந்தார்கள். கல்லூரி நாளில் அவர் கேட்டு மயங்கிய ராக் குழு. அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்தக் குழு பிரிந்துவிட்டது. பிறகு இருவர் காலமானார்கள். ஒருவருக்குக் காது போய்விட்டது. மீதி ஒருவர் எங்கோ குதிரை வளர்க்கிறார், யாரோடும் பேசுவதில்லை. இதனாலெல்லாம் அவர்களுடைய உற்பத்தி குறையவில்லை. அவர்கள் போட்ட ஒரே உருப்படியான இசைத்தட்டு, ஒன்பது பாட்டு, முதலில் வெறும் அட்டையில் வந்தது. இருபத்தைந்தாம் ஆண்டில் ஒலியின் அழுக்கை நீக்கிப் பெட்டியில் வந்தது. முப்பதாம் ஆண்டில், நீக்கிய அழுக்கைத் திரும்பச் சேர்த்து, 'மூல அனுபவம்' என்று பெரிய பெட்டியில் வந்தது. பிறகு கழுத்துத் துண்டோடு வந்தது. பழைய நுழைவுச் சீட்டின் நகலோடு வந்தது. நான்காம் பாட்டின் முடிவில் டிரம்மர் இருமுவார். முப்பத்தைந்தாம் ஆண்டுப் பெட்டியில் இரண்டு வினாடி இருமினார். நாற்பதாம் ஆண்டில் ஐந்து வினாடி.

பதினொன்றும் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தன. பிரித்தால் போச்சு. பிரிக்காத பெட்டிதான் பெட்டி, பிரித்தது வெறும் அட்டை என்பது சேகரிப்பாளர் வட்டத்தின் அடிப்படைக் கொள்கை. அதன் தலைவரான பல் டாக்டர் தன் பெட்டிகளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். வாயைத் திறக்கச் சொல்வது பிழைப்பு, பெட்டியைத் திறக்காமலிருப்பது ஒழுக்கம் என்பார். பாட்டைக் கேட்கத் தோன்றினால் கண்ணாடிக்காரர் கடையில் போனில் போட்டுக் கேட்பார். நடுவில் வலிநிவாரணி விளம்பரம் வரும்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. சாப்பிடும்போது மெஷினைத் தள்ளி வைப்பார்கள், குண்டூசிகள் தள்ளிப் போகாது. இரண்டு முறை கண்ணாடிக்காரருக்குப் பல்லில் குண்டூசி கடிபட்டிருக்கிறது.

"செத்தவங்க ரெண்டு, செவிடு ஒண்ணு, குதிரைக்காரன் ஒண்ணு" என்பார் மனைவி. "இந்த நாலு பேருக்கு ஒரு ரூமு. உயிரோட உக்காந்து தைக்கிறவளுக்குச் சாப்பாட்டு மேஜை."

"ஒவ்வொண்ணும் வேற வேற பதிப்பு. உனக்குப் புரியாது."

"பழைய கள்ளு, புது மொந்தை. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

ஒருநாள் மனைவி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, போனில் முதல் பாட்டைப் போட்டார். பிறகு இன்னொரு முறை போட்டார். "இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டாவது. பாஸ் கிடார் நல்லா சதை பிடிச்சிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒரே பாட்டைத் திரும்பப் போட்டேன்."

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டாவது தடவை போன் சூடாயிருக்கும்" என்றார்.

இந்த நிலையில்தான் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி அறிவிப்பு வந்தது. ஐந்து தட்டு. மூவாயிரம் பெட்டிகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மூன்றாவது தட்டில் டிரம்மரின் இருமல் முதன்முறையாக முழுமையாக, பதினொரு வினாடி. கண்ணாடிக்காரருக்கு முந்நூற்றுப் பதின்மூன்றாம் எண் ஒதுக்கப்பட்டது.

"இதோட சரி" என்றார் மனைவியிடம்.

"நாப்பதாம் வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"அது இறுதிப் பதிப்பு. நாப்பத்தஞ்சுல வந்தது நிறைவான இறுதிப் பதிப்பு. இது முற்றான இறுதிப் பதிப்பு. கம்பெனிக்காரனே அட்டையில போட்டிருக்கான். பன்னெண்டும் சேர்ந்துட்டா தொகுப்பு முழுசு. அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிடறேன். பெட்டியெல்லாம் கடைப் பரணுக்கு. சத்தியம்."

மனைவி அன்றே இஞ்ச் டேப்பை எடுத்து நடு அறையின் ஜன்னலிலிருந்து சுவர் வரை அளந்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பார்சலை அவரைவிட அதிகமாக எதிர்பார்த்தது அந்த அம்மாள்தான்.

பார்சல் வரவில்லை. ஒரு அட்டை வந்தது. வெளிநாட்டுப் பார்சல் அலுவலகம், ஆறாம் கவுண்டர், நேரில் வரவும், இருபத்தொரு நாளுக்குள் தீர்வு காணப்படாத பார்சல் அனுப்பியவருக்கே திருப்பப்படும்.

ஆறாம் கவுண்டர் அதிகாரி காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படித்தார். அவர் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருந்தது. படிக்க ப்ளஸ் இரண்டு பவராவது வேண்டும், போட்டிருப்பது ஒன்றுகூட இல்லை என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"போன இருபது வருஷத்துல இதே பேர்ல, இதே சரக்கு, ஒன்பது தடவை வந்திருக்கு. இது பத்து" என்றார் அதிகாரி.

"ஆமா சார். பாட்டு."

"ஒரே சரக்கை ஒரே ஆள் மூணு தடவைக்கு மேல வரவழைச்சா அது வியாபாரம். லைசென்ஸ் இருக்கா?"

"வியாபாரம் இல்ல சார். சொந்த உபயோகம்."

"நல்லது. உபயோகிச்சதுக்கு என்ன ஆதாரம்?"

"புரியல சார்."

"முன்னாடி வந்த ஒன்பதையும் கேட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் மென்று விழுங்கினார். "இல்ல. பிரிக்கல."

"பிரிக்கவே இல்லைன்னா அது உபயோகம் இல்ல. உபயோகமும் இல்ல, வியாபாரமும் இல்லைன்னா என்ன சார் அது? பதுக்கலா? அதுக்கு வேற கவுண்டர்."

"சார், இது மத்ததுலேருந்து வேற பொருள். அதே பாட்டுதான், ஆனா வேற."

அதிகாரி முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "வேற பொருளா? அப்போ இது முதல் தடவை. முதல் தடவைக்குக் கேள்வியே கிடையாது. வேற்றுமைச் சான்று வாங்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"அதை யாரு தருவாங்க?"

"நான்தான். ஒப்பீட்டுக் குழு கூட்டி, பழைய பெட்டி ஒண்ணு, புதுப் பெட்டி ஒண்ணு, ரெண்டையும் பிரிச்சு, போட்டுக் கேட்டு, வேறதான்னு தீர்மானம் எழுதணும். அறிவிச்ச சரக்கு ஒண்ணு, உள்ளே இருக்கிற சரக்கு வேறன்னு வந்துடக் கூடாது. அப்படி வந்தா பறிமுதல்."

"பிரிக்கணுமா?"

"நாங்க தொட மாட்டோம். பெறுநர் தன் கையாலதான் பிரிக்கணும். விதி."

கண்ணாடிக்காரர் அதிகாரியின் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார். ஒரே மாதிரி எட்டுத் தடிப் புத்தகங்கள். 'பார்சல் நடைமுறை விதித் தொகுப்பு', 'திருத்திய பதிப்பு', 'விரிவாக்கப்பட்ட திருத்திய பதிப்பு', 'பொன்விழாப் பதிப்பு'. எட்டும் அச்சகத்தின் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன.

"சார், அதெல்லாம் பிரிக்கலையே?"

"பிரிச்சா அழுக்காயிடும். ஆடிட்ல ஒவ்வொரு பதிப்பையும் நல்ல நிலையில காட்டணும்."

"அப்போ விதியை எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

"ஞாபகம்தான். எல்லாத்துலயும் ஒரே விதிதான் சார். முன்னுரை மட்டும் புதுசு."

இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதிகாரி விண்ணப்பப் படிவத்தை நகர்த்தினார்.

வீட்டில் கண்ணாடிக்காரர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டருக்குப் போன் போட்டு யோசனை கேட்டார்.

"பிரிக்கறதா? பேசாம திருப்பி அனுப்பிடுங்க" என்றார் டாக்டர். "கௌரவமாப் போகட்டும். அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

"முற்றான இறுதின்னு போட்டிருக்கானே டாக்டர்?"

"அறுபதாம் வருஷம்னு ஒண்ணு வராமலா போயிடும்?"

இந்தப் பதிலை மனைவி மெஷினில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "அறுபதாம் வருஷம் வரைக்கும் நான் இந்த மேஜையில உக்காந்திருக்க முடியாது. ஏற்கெனவே முட்டி ரெண்டும் போச்சு. எந்தப் பெட்டி உங்களுக்குக் கம்மியாப் பிடிக்கும்?"

"எல்லாம்..."

"கம்மியா எதுன்னு கேட்டேன்."

"நாப்பத்தஞ்சு" என்றார் அவர், பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுப்பவரைப்போல.

குழு கூடியது. அதிகாரி தலைவர். எடை போடும் ஊழியர் உறுப்பினர். ஒலி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அரசு மருத்துவமனையிலிருந்து காது டாக்டர் வல்லுநராக வரவழைக்கப்பட்டிருந்தார். யாரோ வாங்க வராமல் விட்டுப்போன பிளேயர் ஒன்று தூசி தட்டி மேஜைமேல் வைக்கப்பட்டது. முதல் வேலையாக எடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் தராசில் வைத்தார்.

"புதுசு நானூறு கிராம் கூட ஐயா. எடையில வேற்றுமை இருக்கு."

"குறிச்சுக்கங்க. பெறுநர் பிரிக்கலாம்."

கண்ணாடிக்காரர் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் உறையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. காது டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொண்டாங்க இப்படி" என்று மனைவி கைப்பையிலிருந்து துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். 'பெறுநர் தன் கையால்' என்று அதிகாரி நினைவூட்டினார். மனைவி கத்தரியைக் கணவர் விரல்களில் மாட்டி, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து, பட்டுத் துணியை வெட்டுவதுபோல் ஒரே இழுப்பில் இரண்டு பெட்டிகளையும் வெட்டித் திறந்தார். விதி மீறப்படவில்லை.

முதலில் பழைய பெட்டி. பாட்டு கிளம்பியது. அந்த அறையின் கூரை உயரம், சுவர்கள் வெறுமை. கண்ணாடிக்காரர் இருபது வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பாட்டை நடுவில் விளம்பரம் இல்லாமல் கேட்டார். இரண்டாம் பாட்டில் கிடார் ஏறும் இடத்தில் எடைக்காரர் தராசுத் தட்டில் தன்னை அறியாமல் தாளம் போட்டார். கண்ணாடிக்காரர் பெட்டியை மறந்து, அலுவலகத்தை மறந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"மாதிரிக்கு இது போதும்" என்று அதிகாரி நிறுத்தினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்..."

"நடைமுறையில இடமில்ல. புதுசுல மூணாவது தட்டைப் போடுங்க."

மூன்றாவது தட்டு சுழன்றது. டிரம்மர் இருமவில்லை. ஒரு பெண் குரல், மிக நிதானமாகப் பேசியது. முதுகை நேராக வைத்து நாற்காலியில் உட்காருங்கள். வலது காலை மெதுவாக நீட்டுங்கள். முட்டியில் பாரம் விழ வேண்டாம். மூச்சை உள்ளே. ஒன்று. இரண்டு. மூச்சை வெளியே.

குழு கவனமாகக் கேட்டது. காது டாக்டர் குறிப்பெடுத்தார்.

கண்ணாடிக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. தொழிற்சாலையில் தட்டு மாறியிருக்கிறது. 'இது பாட்டே இல்லை' என்று சொன்னால், அறிவித்த சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு. பறிமுதல்.

"பாட்டு எங்க சார்?" என்றார் அதிகாரி.

"இது... இதுவரை வெளிவராத பதிவு."

"பொம்பள குரல் கேக்குதே. அட்டையில நாலும் மீசைக்காரங்களா இருக்காங்க."

"பாடறதுக்கு முன்னாடி உடம்பைத் தளர்த்திக்குவாங்க சார். பெரிய கலைஞர்கள் எல்லாருமே அப்படித்தான். அந்தப் பயிற்சியைத்தான் இப்போ வெளியிட்டிருக்காங்க."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். நடு அறையின் அளவு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கத்தரியைக் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டார்.

தட்டு ஓடி முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாரும் நிறுத்தவில்லை. பத்தாவது நிமிஷத்திலிருந்து எடைக்காரர் மேஜைக்குக் கீழே காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். "நின்னு நின்னு மரத்துப்போன கால் ஐயா. கொஞ்சம் இளகுது" என்றார். மனைவியும் புடவைக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தார். காது டாக்டர் எழுந்து, இருபத்தெட்டு வருஷ மருத்துவ அனுபவத்தில் இத்தனை வேறுபட்ட இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்டதில்லை என்று பதிவு செய்தார். 'வேற்றுமை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது' என்று தீர்மானம் எழுதப்பட்டது. பெட்டியின் மூடியில் வட்ட முத்திரை விழுந்தது. சான்று எண் ஒன்று.

கண்ணாடிக்காரர் வாக்குத் தவறவில்லை. மறுநாளே நடு அறை காலியானது. மெஷின் ஜன்னலோரம் போயிற்று. அதோடு ஒரு விபரீதமும் நடந்தது. அவர் நாற்பத்தைந்தாம் ஆண்டுத் தட்டைக் கடையில் போட்டுக் கேட்கத் தொடங்கினார். கேட்கக் கேட்க, மற்றவற்றைப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கத் தோன்றாமல் போய்விட்டது.

ஒரு கடமை மட்டும் பாக்கி இருந்தது. பல் டாக்டரைப் போனில் பிடித்தார். டாக்டர் தன் பெட்டி பற்றி வட்டத்துக்குப் பதினான்கு பக்கம் மதிப்புரை எழுதி அனுப்பியிருந்தார்.

"டாக்டர், மூணாவது தட்டு கேட்டீங்களா?"

"கேட்காமலா எழுதுவேன்? அந்த இருமல் இருக்கே, நெஞ்சைப் பிழியுது."

"எனக்கு வந்ததுல ஒரு அம்மா முட்டிப் பயிற்சி சொல்லிக் கொடுக்கறாங்க."

"உங்க பிளேயரைப் பாருங்க" என்று டாக்டர் பல்லைப் பிடுங்குவதுபோல் வெடுக்கென்று போனை வைத்தார்.

கம்பெனிக்கும் எழுதினார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறோம், மூவாயிரம் பெட்டிகளிலும் மூன்றாவது தட்டு மாறிவிட்டது. எல்லாப் பெட்டிகளும் வாடிக்கையாளர்களைச் சென்றடைந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை இதைச் சுட்டிக்காட்டியவர் தாங்கள் ஒருவரே.

சேதி வெளியே தெரிந்ததும் வட்டம் துக்கம் கொண்டாடும் என்று அவர் நினைத்தார். அது திருவிழா கொண்டாடியது. பிழைப் பதிப்பு! இனி எந்தக் காலத்திலும் வராத பதிப்பு! ஆனால் உள்ளே பிழை இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் மதிப்பு போகும். உலகத்திலேயே பிரித்தும் மதிப்புப் போகாத ஒரே பெட்டி, அரசு முத்திரையோடு பிரிக்கப்பட்ட முந்நூற்றுப் பதின்மூன்று.

அடுத்த வாரம் ஆறாம் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. கையுறையோடு முதலில் நின்றவர் பல் டாக்டர். எல்லோருக்கும் வேற்றுமைச் சான்று வேண்டியிருந்தது. எந்தப் பழைய பெட்டியோடு ஒப்பிட்டாலும் சரிதான். காது டாக்டர் வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்துவிட்டதால் மருத்துவமனையில் காது வலிக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிஷத் தட்டு முழுக்க ஓடியாக வேண்டும் என்பது இப்போது நடைமுறை. குழுவினரின் நடை நன்றாகத் தேறியது. விதித் தொகுப்பின் ஒன்பதாம் பதிப்பு, ஒப்பீட்டுக் குழு பற்றிய புதிய முன்னுரையோடு அச்சாகி வந்து, உறை பிரியாமல் அலமாரி ஏறியது. அதிகாரி முதல் நூறு சான்றுகளின் நகலைத் தனக்கென்று ஒரு தொகுதியாகக் கட்டி வைத்திருப்பதாகக் கண்ணாடி மாற்ற வந்தபோது ரகசியமாகச் சொன்னார். வரிசை எண் விட்டுப்போகாமல். ஏழாம் எண் மட்டும் கிடைக்கவில்லையாம். தூக்கம் வரவில்லை என்றார்.

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே அவர் மூக்கில் சட்டத்தை மாட்டினார். "இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டாவது" என்றார் அதிகாரி.

இத்தனை களேபரத்திலும் அந்தத் தட்டை அது எதற்காக உண்டானதோ அதற்காகப் பயன்படுத்தியவர் ஒருவர் உண்டென்றால், அது கண்ணாடிக்காரரின் மனைவி. தினம் காலையில் நடு அறையில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணினார். முட்டி வலி பாதி போயிற்று. எட்டு மாதம் சாப்பாட்டில் குண்டூசி இல்லை. இந்த வீட்டில் புத்தியுள்ள ஒரு ஆள் முதலிலிருந்தே இருந்திருக்கிறது என்று கண்ணாடிக்காரர் பெருமையோடு எண்ணிக்கொண்டார்.

ஒருநாள் மதியம் ஒரு அட்டை வந்தது. வெளிநாட்டுப் பார்சல் அலுவலகம், ஆறாம் கவுண்டர், நேரில் வரவும். பெறுநர் இடத்தில் மனைவியின் பெயர்.

"தப்பா வந்திருக்கு போலிருக்கே" என்றார்.

மனைவி துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தப்பில்ல. அந்த முட்டிப் பயிற்சி அம்மா பேர்ல புதுசா போட்டிருக்காங்க. எட்டுத் தட்டு. எண் போட்ட பெட்டி. அந்த அம்மா நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்குவாங்கல்ல, அது இதுல முழுசா இருக்காம்."

"சரி, ஒரு பெட்டிதானே. வரட்டும்."

"ரெண்டு சொல்லியிருக்கேன்" என்றார் மனைவி. "ஒண்ணு போட்டுச் செய்யறதுக்கு. ஒண்ணு பிரிக்காம வைக்கறதுக்கு."

அவர் நடு அறையை எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் காலியாக இருந்தது. சுவரில் புதிதாக ஒரு அலமாரி அடிக்கப்பட்டிருந்தது, நீளமாக, இரண்டு பெட்டிக்குத் தேவையானதைவிட மிக நீளமாக. மெஷின் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாயில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. அவர் அதை எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.